கல்வியியல் கற்கக் கடல் கடப்போர்

பீகாரிலோ கிழக்கு உத்தரப் பிரதேசத்திலோ ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் சேரும் இளம்பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கட்டணம் முன்கூட்டியே வசூலிக்கப்பட்டுவிடுகிறது. ‘நான்-அட்டெண்டிங்’ என்று வட இந்தியாவில் வழங்கும் ஏற்பாட்டின்படி, மேலும் கொஞ்சம் பணம் கட்டினால் வகுப்புக்கு வரவே தேவையில்லை. இவரோ நாள்தோறும் வருகிறார். வந்து பார்த்தால் பாதி விரிவுரையாளர்கள் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறார்கள். மீதிப்பேர் வழிகாட்டி நூலைப் படிக்கப் படிக்க மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்து தெரியாத குழந்தை எழுத்தை எப்படித் தன்வயமாக்கிக்கொள்கிறது என்று அவர் கேட்டால், ‘அது தேர்வில் வருமா?’ என்பதே மறுமொழி. பட்டம் கைக்கு வந்தபின், குடும்ப நிலத்தை ஈடு வைத்து வங்கிக் கடன் பெற்று, லண்டனுக்கோ ஹெல்சிங்கிக்கோ கல்வியியல் கற்கப் புறப்படுகிறார்.

இத்தகையோரை முதலாளித்துவ ஏடுகள் தனிமனித முயற்சியின் வெற்றி என்று கொண்டாடுகின்றன. நம் தோழர்களில் சிலரோ ‘மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு ஓடுகிறவர்கள்’ என்று ஒதுக்கிவிடுகின்றனர். ஐ.ஐ.டி.யிலிருந்து அமெரிக்கா செல்பவருக்கு இவ்வசை ஓரளவு பொருந்தலாம். இப்பெண்ணுக்குப் பொருந்தாது. அவருடைய கல்லூரிக்கு மக்கள் வரிப்பணம் எதுவும் செலவிடப்படவில்லை, சிக்கலே அதுதான்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை, நாட்டின் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுசாராதோர் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. ஆசிரியர் கல்வியில் அரசு முதலீட்டைப் பெருக்க வேண்டும் என்றும் கூறியது. முதலீடு பெருகவில்லை, படிப்புக்காலம் மட்டும் நீண்டது. 2015 முதல் ஓராண்டு பி.எட். ஈராண்டாயிற்று. கடை முதலாளிக்கு இன்னும் ஓர் ஆண்டுக் கட்டணம் கிடைத்தது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை அதை நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பாக்க விரும்புகிறது. கல்லூரியை நடத்தப்போவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சொல் ஒன்றும் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. ஆணையங்களின் அறிக்கைகள் ‘ஆசிரியர் கல்வி’ என்று பேசத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆகியும், தமிழில் நாம் ‘ஆசிரியர் பயிற்சி’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். பயிற்சி என்றால் செய்யச் சொன்னதைச் செய்யப் பழகுதல். எதைக் கற்பிக்கிறோம், யாருக்காகக் கற்பிக்கிறோம் என்று ஆசிரியர் கேட்கத் தொடங்குவது அதற்கு அப்பாற்பட்டது.

கடன் வாங்க நிலமற்றவர் நிலை என்ன? பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் பயில ஒன்றிய அரசின் உதவித்தொகைத் திட்டம் ஒன்று உண்டு. 2022இல் அதன் விதிகள் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இனி உதவி இல்லை என்று அவை கூறின. இந்தப் பொருள்களைப் பயில இந்தியாவிலேயே போதிய வாய்ப்புண்டு என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். ஊர்ப்பள்ளியில் தன்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தது எது என்று வெளிநாட்டில் ஆராய விரும்பும் தலித் மாணவருக்குக் கதவு அடைபட்டது. பொறியியல் படிக்கலாம், சாதி பற்றிப் படிக்கலாகாது.

இனி, அவர்கள் நாடிச் செல்லும் பின்லாந்தையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டின் பள்ளிகளைப் புகழ்வோர், அவை எப்படி வந்தன என்பதைச் சொல்வதில்லை. 1966 தேர்தலில் அங்கே இடதுசாரிகள் நாடாளுமன்றப் பெரும்பான்மை பெற்றனர். சமூக ஜனநாயகவாதிகளும், கம்யூனிஸ்டுகள் அங்கம் வகித்த மக்கள் ஜனநாயக லீகும், விவசாயிகளிடையே வேரூன்றிய மையக் கட்சியும் கூட்டணி அரசு அமைத்தனர். அந்தக் காலத்தில்தான், 1968இல், பொதுப்பள்ளிச் சட்டம் பிறந்தது. 1972 முதல் 1977 வரை வடக்கிலிருந்து தெற்காக அது நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான தனியார் இடைநிலைப் பள்ளிகள் உள்ளாட்சிப் பள்ளி அமைப்பில் சேர்க்கப்பட்டன. ஆசிரியர் கல்வி பல்கலைக்கழகத்துக்குச் சென்றது; தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் கட்டாயமாயிற்று. அந்நாட்டு மாணவர் அதற்குக் கட்டணம் செலுத்துவதில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஆங்கிலவழிப் பட்டப்படிப்புக்கு வருவோரிடம் மட்டும் 2017 முதல் கட்டணம் வாங்குகிறார்கள். நம் பெண் கடன் வாங்கிக் கட்டுவது அந்தப் பணத்தைத்தான்.

நம் மண்ணிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அனில் சத்கோபால் போன்றோரின் உழைப்பில், 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. குழந்தைகள் சோதனை செய்து கற்றனர்; புத்தகத்தைத் திறந்துவைத்தே தேர்வெழுதினர். விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியர்களும் விடுமுறை முகாம்களில் ஒன்றாக அமர்ந்து பாடத்தை வகுத்தனர். முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில், அரசு ஆசிரியர்களைக் கொண்டே நடந்த அத்திட்டத்தை 2002இல் அன்றைய காங்கிரஸ் மாநில அரசு மூடியது. தெருவில் இறங்கி அதைக் காக்கும் வலிமையுள்ள இயக்கம் அங்கே இருக்கவில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. பணியிடங்களை நிரப்பக் கோரியும் பழைய ஓய்வூதியத்துக்காகவும் ஆசிரியர் சங்கங்கள் நடத்திய போராட்டங்கள் நியாயமானவை. ஆயினும் பி.எட். கல்லூரி வாசலில் நம் மாணவர் அமைப்பின் கொடி பெரும்பாலும் இல்லை. அங்கே படிப்போர் ஈராண்டில் கலைந்துவிடுவர், அமைப்புக்குத் தேறமாட்டார்கள் என்று நாமே கணக்குப் போட்டுவிட்டோம். ஆண்டுதோறும் பல இலட்சம் பேர், பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பெண்களும், நம் குரலைக் கேட்காமலேயே அவ்வாசலைக் கடந்து போகின்றனர்.

கடல் கடந்தவர் திரும்பி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எளிது. அவர் எங்கே வருவார்? 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிரந்தரப் பணி பறிபோன உத்தரப் பிரதேசத்தின் ‘சிக்ஷா மித்ரா’ ஆசிரியர்களுக்கு அப்போது நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் மாதம் 10,000 ரூபாய். மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களை அரசு நிதியுடன் உயிர்ப்பிப்பதும், நான்-அட்டெண்டிங் கல்லூரிகளின் அங்கீகாரத்தை நீக்கி அங்கே பயில்வோரை அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றுவதும், 2022இன் உதவித்தொகை விதியைத் திரும்பப் பெறுவதும் அடுத்த மாணவர் மாநாடுகளின் தீர்மானங்களில் இடம்பெற வேண்டியவை. அத்தீர்மானங்களை எழுதும் குழுவில் பி.எட். மாணவர் ஒருவரேனும் இருக்கட்டும்.