பன்னிரண்டு றாத்தல் விசை

2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ள சட்டத்தரணி வேஷத்தில் வந்த ஒருவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். எனக்கு ஆளைவிட அந்தப் புத்தகம்தான் மனசில் நிக்குது. தடிச்ச சட்டப் புத்தகமொன்றின் பக்கங்களைத் துவக்கின் வடிவத்துக்கு வெட்டி, அதுக்குள்ள ஒரு ரிவோல்வரை வைத்துக் கொண்டுவந்ததாகப் பொலிஸார் சொன்னார்கள். கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்குப் புத்தகம் என்றால் தலையணை, குடை, விசிறி எல்லாம்தான். இப்படியொரு பாவனை தோணியதே இல்லை.

அந்தச் செய்தியை இரண்டு மூன்று தரம் பார்த்ததுதான் தாமதம், என் யூடியூப் முழுக்கத் துவக்காகிவிட்டது. அமெரிக்காவில் ஒரு மனிசன், வயசு எங்கட வாப்பாமாரின் வயசு, கராஜில் இருந்துகொண்டு சட்டைப் பையில் வைக்கிற சின்ன ரிவோல்வரின் விசையை எப்படி 'பட்டுப்போல' ஆக்குவது என்று அரை மணித்தியாலம் பேசுகிறார். நானும் அரை மணித்தியாலம் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, சுவாரசியமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். ரிவோல்வரில் விரலின் ஒரே இழுப்பு மூன்று வேலை பார்க்கிறது. தோட்டா உருளையைச் சுழற்றுகிறது, பின்னாலுள்ள குதிரையைத் தூக்குகிறது, பிறகு அதை விழவும் விடுகிறது. அதனால்தான் கனம். 10 முதல் 12 றாத்தல் வரை இழுக்க வேணும். 12 றாத்தல் பாணை ஒரு பையில் போட்டு ஆள்காட்டி விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள், விளங்கும். துவக்கோ சுமார் ஒரு றாத்தல்தான். ஒரு றாத்தல் சாமானைப் பிடித்துக்கொண்டு 12 றாத்தலை இழுத்தால் வாய் எங்கேயாவது போகும், குண்டும் அங்கேதான் போகும். கையால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் மூன்று நாலு றாத்தல் போதும். ஆனா அவசரத்தில் யாருக்கு அந்த நேரம்? ஆகவே உள்ளே உரசுகிற இடங்களை மினுக்கவும் வில்லுகளை மாற்றவும் சொல்கிறார்கள். வில்லு ரொம்ப இளகினாலும் கரைச்சல். குதிரை போதிய வேகத்தில் அடிக்காது, தோட்டா வெடிக்காது.

இதை அறை நண்பனிடம் சொன்னபோது அவன் அந்த மனிசனின் பக்கம். கனத்த விசையால் ஆள் காப்பாற்றப்படுவதில்லை, குறிதான் தவறுது என்றான். அவனிடம் ஆதாரமும் இருந்தது. நியூயோர்க் பொலிஸார் பழைய ரிவோல்வரைப் போலவே இருக்கட்டும் என்று, வழமையாக ஐந்தரை றாத்தலுக்கு வருகிற குளொக் கைத்துப்பாக்கியின் விசையை 12 றாத்தலுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். 2012 ஓகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முன்னால் ஒரு கொலையாளியைச் சுடப்போய், தெருவில் நின்ற 9 பேரைக் காயப்படுத்தினார்கள். விசையும் ஒரு காரணம் என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியுள்ள பொலிஸ்காரனுக்கு அது சரியாக இருக்கலாம். நம்மட நாட்டில் தற்பாதுகாப்புக்கென்று துவக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் எத்தனை தரம் சுட்டுப் பழகியிருப்பார்கள்? 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு அந்தத் துவக்குகளையெல்லாம் மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது. உண்மையாகவே உயிராபத்து உள்ளவருக்குத் திருப்பிக் கொடுங்கள். கௌரவத்துக்கு இடுப்பில் சொருகியவருக்கு வேண்டாம். கொடுக்கிறவருக்கும், அந்தக் கனத்த விசை கனமாகவே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

இதில் எனக்கொரு சொந்தக் கணக்கும் உண்டு. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, எங்கட ஊர்களில் இரவில் ஆரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. மூத்தவாப்பா ஊர்காவல் படையில் இருந்தார். கையில் ஒரு பழைய ஒற்றைக்குழல் துவக்கு, விசை கறள் பிடித்து இறுகிப்போனது. மாரி மழை. இறக்காமத்துக் குளக்கட்டுப் பக்கமிருந்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓர் உருவம் வந்தது. ஆர் எண்டு கேட்டார். மழையில் பதில் வரவில்லை. விரலை வைத்து இழுத்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுக்கப் போகையில் உருவம் இருமியது.

அந்த இருமலை அவருக்குத் தெரியும். வயல் காவலுக்குச் சோறு கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்த என்ட வாப்பா. அப்ப 14 வயசு.

இந்தப் பக்கத்தில் துவக்கு என்றால் யானையைப் பேசாமல் முடியாது. போகம் விளைந்தால் யானை வரும், ஒரு வருஷ உழைப்பு ஒரு இரவில் போகும். வட்டைக்காரருக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கட்டுத்துவக்கு வேற கதை. பாதைக்குக் குறுக்கே கம்பியைக் கட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்கள். பன்றியின் கால் பட்டாலும் வெடிக்கும், மாடு தேடிப் போனவரின் கால் பட்டாலும் வெடிக்கும். சட்டப்படி குற்றம், ஆனாலும் கட்டுகிறார்கள். விசையை இளக்குவதென்றால் இதைவிட இளக்க முடியாது. விரலே தேவையில்லை. அந்த யூடியூப் மனிசன் பார்த்தால் என்ன சொல்வாரோ.

மூத்தவாப்பா துவக்கைத் திருப்பி ஒப்படைக்கும்வரை அந்தக் கறளைத் துடைக்கவில்லையாம். குழலுக்கு மட்டும் எண்ணெய் போடுவாராம். பெரியவர் ஒருத்தர் பார்த்துவிட்டு, "இத வச்சிக்கிட்டு எப்படிக் காக்கானே சுடுவாய்?" என்று ஏசினாராம். இவர் ஒன்றும் பேசாமல் வாப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டாராம்.