ஏரிக்கு மேலும் நோக்குக

ஏரி என்றதும் நம்மவர் கண் கரையையும் மதகையுமே நாடுகிறது. அந்நீர் எந்த நிலத்தின்மீது ஓடி வந்தது என்று மேலே நோக்குவோர் சிலரே. தருமபுரி மாவட்டத்து அங்கத்தினர்களாகிய நமக்கு இவ்வலட்சியம் தகாது.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து வாணியாறு அணைக்குச் சேர்வராயன் மலைச் சரிவுகளே தாய். அச்சரிவுகளில் புல்லும் புதரும் மரமும் இருக்குமாயின், மழைநீர் வேகம் தணிந்து மண்ணுள் இறங்கும். மழை ஓய்ந்த பின்னரும் ஊற்றாய்க் கசிந்து ஓடையில் வரும். சரிவு மொட்டையாயின், அதே மழை செந்நீராய்ப் பாய்ந்து மண்ணைக் கொணர்ந்து நீர்நிலையைத் தூர்க்கும். வத்தல்மலை, சித்தேரி மலை அடிவாரங்களுக்கும் இதுவே நியதி.

நிலம் செய்யும் இவ்வுதவிக்கு நீர் கைம்மாறு செய்யாமலில்லை. ஏரியில் தேங்கும் நீர் சுற்றுக் கிணறுகளுக்கு ஊறுகிறது. அதன் வண்டல் மல்பெரித் தோட்டத்துக்கு உரமாகிறது. ஏரி வற்றினாலோ ஆழ்துளைக் கிணறே கதியென்றாகிறது. நம் மாவட்டத்துப் பாறைகளில் புளூரைடு மிகுதி. பாறையிடுக்கில் நெடுநாள் தங்கிய நீரில் அது கரைந்து வருகிறது. பல்லில் பழுப்புக் கறையும் எலும்பு நோயும் நம் ஊர்களுக்குப் புதியன அல்ல. 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொணர்ந்து இத்துன்பத்தைக் குறைக்க முற்பட்டது, நன்று. ஆயினும் அக்குழாய் குடிநீருக்கே உரியது. தோட்டத்துக்கும் சாயத்தொட்டிக்கும் அது வாராது.

“நெசவாளிக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்?” என வினவுவோர், உப்பு மிகுந்த கடின நீரில் நூலை நனைத்துப் பார்க்கட்டும். சாயம் சீராக ஏறாமல் திட்டுத் திட்டாய் நிற்கும்.

வண்டல் எடுப்பதற்கு வட்டாட்சியரே அனுமதி வழங்கலாமென அரசு 2024இல் விதியை எளிதாக்கியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் வயலுக்கென்று அள்ளிய மண் செங்கற்சூளைக்குப் போவதும், கரையடியிலேயே குழி பறிப்பதும் நமக்கு உடன்பாடல்ல. தூர் வாரிவிட்டு, வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலை வளரவிடுவது வீண் செலவு. மேய்ச்சலுக்கென்று மலைப்புல்லுக்குத் தீ வைப்பது அதனினும் கேடு.

ஆதலின், சங்கத்தின் அடுத்த மகாசபையில் விவசாய அங்கத்தினரும் நெசவாள அங்கத்தினரும் சேர்ந்து ஒரு தீர்மானம் கொணர வேண்டுமென்பது நம் கருத்து. சித்திரை வைகாசியில் வண்டல் எடுக்கலாம். ஐப்பசி மழைக்கு முன், மதகிலிருந்து மலையடிவாரம் வரை வரத்துக் கால்வாய் நெடுக நடந்து பார்த்து, அடைப்புகளையும் ஆக்கிரமிப்புகளையும் எழுதி வட்டாட்சியரிடம் அளிக்க வேண்டும்.