கேட்பதில் என்ன வெட்கம்?

“இரவு மணி பதினொன்று ஆகியும் மகன் கணினியின் முன்னிருந்து எழுந்திருக்கவில்லை. என்ன செய்கிறான் என்றும் விளங்கவில்லை. கேட்டால், யாருக்கோ உதவி செய்கிறேன் என்கிறான்.” இவ்வாறு பெற்றோர் பலர் நம்மிடம் குறைபட்டுக்கொள்வதுண்டு. அவர்களுடைய கவலையை எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் உறக்கத்தையும் படிப்பையும் அந்தத் திரை விழுங்கியிருக்கிறது. எனினும் அதன் முன் அமர்ந்திருப்போர் அனைவரும் பொழுதை வீணாக்குவோர் அல்லர். இதற்குச் சான்றாக, நாம் நேரில் அறிந்த நிகழ்ச்சியொன்றை இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரு வேலையை இன்னின்னவாறு செய்க என்று கணினிக்கு நாம் வரிசையாக எழுதிக்கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டு பெருநகரங்களில் நல்ல ஊதியம் பெறுவோர் பலர் உளர். ஆனால் ஊதியம் கருதாமல், வீணை பயில்வார்போலவும் தோட்டம் வளர்ப்பார்போலவும், விருப்பத்தால் மட்டுமே இக்கலையைக் கற்போரும் உளர். இராஜபாளையத்தில் நம் பங்குக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் அத்தகையவர். தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. மகனும் பகலில் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். இரவில் பைத்தான் என்னும் நிரல்மொழியைத் தாமாகவே பயின்றுவருகிறார்.

ஏழைப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கு உதவும் சிறு குழு ஒன்று, விண்ணப்பங்களை ஊர்வாரியாகப் பிரித்துத் தருமாறு இவரைக் கேட்டுக்கொண்டது. இவரும் மகிழ்ந்து ஒரு நிரல் எழுதினார். ஒரு நொடியில் பட்டியல் வந்துவிட்டது. குழுவினர் வியந்து பாராட்டினர்.

சில நாள் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் தறி நெய்து பிழைக்கும் தாய் ஒருவர், விண்ணப்பம் கொடுத்ததற்கான இரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தம் மகளின் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். “கணினியில் பெயர் இல்லையம்மா, நீங்கள் விண்ணப்பமே கொடுத்திருக்க மாட்டீர்கள்” என்று ஒருவர் சொல்லிவிட்டார். அந்தத் தாய் மறுமொழி கூறாது திரும்பிப் போனார். கட்டணம் செலுத்த இன்னும் ஒரு வாரமே இருந்தது.

இதைக் கேள்வியுற்ற இளைஞர் பதறிப்போய் விண்ணப்பக் கட்டைத் தேடினார். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அதில் இருந்தது. கணினியில் ஏற்றிய விவரங்களிலும் அவள் பெயர் இருந்தது. நிரல் பிரித்துத் தந்த பட்டியலில் மட்டும் இல்லை. இன்னும் தேடியபோது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுள் 11 பேர் அவ்வாறே விடுபட்டிருந்தது தெரியவந்தது. காரணம் புலப்படவில்லை. மூன்று இரவுகள் நிரலின் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறரிடம் கேட்கவோ நாணம் தடுத்தது. ‘இதுகூடத் தெரியாமலா நிரல் எழுத வந்தாய்’ என்று நகைப்பார்களே என அஞ்சினார்.

நாலாம் நாள் அந்தத் தாயின் முகம் நாணத்தை வென்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில், ஓய்வுபெற்றபின் நிரல் கற்று அதில் ஈடுபாடு கொண்டிருக்கும் கணித ஆசிரியர் ஒருவர் இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். இளைஞர் மாலையில் பேருந்தேறி அவர் வீட்டுக்குச் சென்றார். “ஐயா, என் நிரல் வேலை செய்யவில்லை” என்றார்.

ஆசிரியர் கணினியைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“தம்பி, வேலை செய்யவில்லை என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. நீ எதைக் கொடுத்தாய், எது வருமென்று எதிர்பார்த்தாய், எது வந்தது? மூன்றையும் இதில் எழுது” என்றார். எழுதி முடித்ததும், “எல்லாப் பெயர்களையும் கட்டிக்கொண்டு அழாதே. பட்டியலில் வந்த பெயர் ஒன்று, வராத பெயர் ஒன்று; இரண்டை மட்டும் எடுத்துக்கொள்” என்றார்.

இருவருக்கும் ஊர்ப்பெயர் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்றே இருந்தது. கண்ணுக்கு எவ்வித வேறுபாடும் இல்லை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்குறியும் ஓர் எண்ணாகவே பதிவாகிறது. மெய்க்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்று ‘யூனிகோடு’ எனப்படும் உலகப் பொதுக் குறியீட்டு முறை வகுத்திருக்கிறது. இதனால்தான் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இரண்டு ஊர்ப்பெயர்களின் நீளத்தையும் கேட்டுப் பார்த்தனர். இரண்டுக்கும் 18 என்றே விடை வந்தது. பின்னர் ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிட்டுப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஒரு பெயர் 3000 என்னும் எண்ணில் தொடங்கியது. மற்றொன்று 2998 என்னும் எண்ணில் தொடங்கியது. எஞ்சிய 17 எண்களும் ஒன்றே.

ஆசிரியரும் வியப்புற்றார். “இஃது ஏன் என்று எனக்கும் தெரியாது, தம்பி. தெரிந்தவர்களைக் கேட்போம்” என்றார். இளைஞருக்கு அந்தச் சொல் பேராறுதலாக இருந்தது. ஆயுள் முழுதும் கணக்குக் கற்பித்தவர் தெரியாது என்று சொல்லத் தயங்கவில்லையே! அன்றிரவே, தமிழில் கணினித்துறை அறிவைப் பரப்பும் ஆர்வலர்களுக்கு வினாவை எழுதி அனுப்பினர். பிள்ளைகளின் பெயர்களையும் முகவரிகளையும் நீக்கிவிட்டு, ஊர்ப்பெயரின் இரு வடிவங்களை மட்டும் வைத்தனர். இது நினைவில் கொள்ளத்தக்கது. உதவி கேட்கும்போது அடுத்தவர் வீட்டுச் செய்தியைக் கடைவீதியில் பரப்பலாகாது.

மறுநாள் காலையில் விடை வந்திருந்தது. எழுதியவரை இருவரும் கண்டதில்லை. அவர் விளக்கம் இது: ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை முன்பு ‘ஸ’ என்னும் எழுத்தைக் கொண்டே கணினியில் அமைத்துவந்தனர். அதன் எண் 3000. யூனிகோடின் 4.1 பதிப்பு 2005இல் வெளிவந்தபோது, ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்தும் சேர்க்கப்பட்டது. அதன் எண் 2998. வடமொழி ஒலிக்கு இதுவே பொருத்தமென்று, அதன்பின் ‘ஸ்ரீ’யை இதனைக் கொண்டு அமைப்பதே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. ஆனால் பழைய வழக்கமும் மறையவில்லை. ஆகவே ஒரு விசைப்பலகை ஒன்றையும், இன்னொன்று மற்றதையும் தருகின்றன. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே உருவமாகவே தெரியும். இரண்டையும் ஒன்றாகவே கருதுக என்று யூனிகோடு அமைப்பே அறிவுறுத்துகிறது. அதனைச் செய்யவேண்டியது நிரல் எழுதுவோரின் பொறுப்பு. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் உயிர்க்குறியையும் இரு வகையாகப் பதியலாம். அவற்றை ஒருமைப்படுத்தும் வழி பைத்தானிலேயே உண்டு. ஆனால் அந்த வழி ‘ஸ்ரீ’யின் இரு வடிவங்களை ஒன்றாக்காது. அதற்குத் தனியே ஒரு வரி எழுதவேண்டும்.

விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றியவர்கள் இருவர். ஒருவர் கணினியிலும் மற்றவர் கைப்பேசியிலும் தட்டச்சு செய்திருந்தனர். அங்கே விளைந்தது இந்த வினை. ஒப்பிடுமுன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்கு மாற்றும் வரியொன்றைச் சேர்த்ததும் 11 பிள்ளைகளும் பட்டியலில் வந்து சேர்ந்தனர். குழுவினர் தங்கள் தவற்றை ஒப்புக்கொண்டனர். கட்டணமும் உரிய நாளுக்குள் செலுத்தப்பட்டது. இளைஞர் தாமே அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று, “தவறு உங்களுடையதன்று அம்மா, என்னுடையது” என்று சொல்லி வந்தார்.

இத்தகைய உதவி புதிதன்று. 1991 ஆகஸ்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதிவருவதாக அறிவித்துப் பிறருடைய கருத்துகளை வேண்டினார். கேட்டவர்கள் திருத்தினர், திருத்தியவர்கள் மேலும் எழுதினர். இன்று ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளின் அடித்தளமாக இருப்பது அந்த லினக்ஸே. நம் தமிழகத்திலும் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய இடங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றி, அறிந்ததை அறியாதவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்துவந்திருக்கின்றன. த. சீனிவாசனும் நண்பர்களும் 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ் இத்தகைய அறிவை எளிய தமிழில் தருகிறது. முத்து அண்ணாமலை, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் ‘எழில்’ என்னும் மொழியை உருவாக்கினார். அவரும் பிற ஆர்வலர்களும் வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் தொகுப்பைக் கொண்டு, ‘தமிழ்’ என்பதை மூன்றெழுத்தாகவே கணினியை எண்ணச் செய்யலாம். ஒருவர் பட்ட துன்பத்தை அடுத்தவர் படாதிருக்க வேண்டுமென்று, விரும்புவோர் எடுத்தாளும்படி இவற்றைத் திறந்து வைத்திருக்கின்றனர்.

நம் இளைஞரும் தாம் கற்றதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, பிறர் காண வைத்தார். அதன்பின் அவரை நாடி வினாக்கள் வரலாயின. தேதியின் நாளும் மாதமும் இடம் மாறிப்போவதால் ஒருவருக்குத் துன்பம். தொலைபேசி எண்ணின் முதற்சுழியம் மறைந்துபோவதால் வேறொருவருக்குத் துன்பம். கல்லூரி மாணவி ஒருவர் தம் பயிற்சிப் பாடத்தை முழுதும் எழுதித் தருமாறு கேட்டார். இவர் மறுத்தார், ஆனால் ஆசிரியர் தமக்குச் செய்ததுபோலவே, “எதைக் கொடுத்தீர்கள், எது வந்தது?” என்று கேட்டு, அவரையே பிழையைக் காணச் செய்தார். செய்து கொடுப்பது ஒருநாள் உதவி; காணச் செய்வதோ என்றும் நிற்பது.

இவ்வாறு இரவுகள் நீண்டபோதுதான் தந்தையார் சினந்தார். “ஊரார் வேலைக்கு உன் உறக்கமா? காசு உண்டா இதில்?” என்றார். மகன் முழுக் கதையையும் எடுத்துரைத்தார். தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு ஒன்று கேட்டார்: “எங்கள் ஆலையில் பஞ்சு எவ்வளவு உள்ளே போயிற்று, நூல் எவ்வளவு வந்தது, கழிவு எவ்வளவு என்று நாள்தோறும் கணக்குப் பார்க்கிறோம். உன் நிரலில் அந்தக் கணக்கு இல்லையா?”

இல்லை. மகன் திகைத்துப்போனார். உள்ளே சென்ற விண்ணப்பங்கள் எத்தனை, பிரித்து வந்த பெயர்கள் எத்தனை என்று ஒரே ஒரு முறை ஒப்பிட்டிருந்தால், அந்தத் தாய் இரசீதோடு வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை. அன்றிரவே அதனையும் நிரலில் சேர்த்தார். இன்று அவர் எழுதும் ஒவ்வொரு நிரலின் இறுதியிலும் “அப்பா கணக்கு” என்னும் தலைப்பில் அந்த ஒப்பீடு இருக்கிறது. நிரலெழுத்து ஒன்றும் அறியாத தந்தையாரே நல்ல நிரலுக்கு வேண்டிய காவலைக் கற்பித்தார்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை உறங்கும் நேரத்தை வரையறுப்பது உங்கள் கடமை, அதில் தளரவேண்டாம். ஆனால் மறுநாள் காலையில், “நேற்று யாருடைய சிக்கலை அவிழ்த்தாய்? எங்கே இடறினாய்?” என்றும் கேட்டுப் பாருங்கள். பொழுதை வீணாக்கியவன் என்றால் விடை தடுமாறும். உண்மையில் உதவியவன் என்றால் உட்கார்ந்து விளக்குவான். விளக்கக் கேட்கும்போது, உங்களுக்குத் தெரிந்த ஏதோவொன்று அவனுக்குத் தெரியாதிருப்பதும் புலப்படும். அதனைச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளே, நீங்களும் கேட்க வெட்கப்படாதீர்கள். மூன்று இரவுகள் காத்த நாணத்தினால் ஓர் ஏழைத் தாயின் ஒரு வாரத்தில் மூன்று நாள் கரைந்துபோயிற்று என்பதை மறவாதிருங்கள்.