பந்து துவைக்குதா, தண்ணி துவைக்குதா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் இல்ல. சோப்புக் கம்பெனியில வேலை பார்க்கறவனும் இல்ல. சோப்புத் தூள் விளம்பரங்க மேல எனக்குத் தனியா ஒரு கடுப்பு இருக்கு, அது இன்னொரு நாளைக்கு. இன்னிக்கு மேட்டர், வாஷிங் மெஷினுக்குள்ள போட்டா சோப்பே வேணாம்னு சொல்லி விக்கிறாங்களே, அந்தப் பந்து. கூடவே அதோட பங்காளிங்களான காந்தம், ட்ரையர் உருண்டை வகையறா.

பார்த்திருப்பீங்க. கைக்கு அடக்கமா ஒரு பிளாஸ்டிக் பந்து, சுத்தி ஓட்டை, உள்ள கலர் கலரா செராமிக் மணிகள். டப்பா மேல தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கும், நெகட்டிவ் அயனி வெளியிடும், அகச்சிவப்புக் கதிர் வீசும்னு எழுதியிருக்கும். படிச்சா வாஷிங் மெஷின்ல போடற சாமானா, ஸ்ரீஹரிகோட்டாவுல ஏத்தற சாமானான்னே சந்தேகம் வரும். தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவுல இருக்கற பிணைப்பு, யாரும் எதுவும் பண்ணாமலே நொடிக்கு லட்சம் கோடி தடவைங்கற கணக்குல உடைஞ்சு உடைஞ்சு சேர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கு ஒரு பந்து தேவையில்ல.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். துவைக்கிறது தண்ணியும் மெஷினும். பேர் வாங்கிக்கறது பந்து.

டெமோ காட்டறவங்க எப்பவும் என்ன காட்டுவாங்க? இந்தப் பக்கம் அழுக்குத் துணி, அந்தப் பக்கம் பந்து போட்டுத் துவைச்ச துணி. வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்! பந்தும் இல்லாம சோப்பும் இல்லாம வெறும் தண்ணியில துவைச்ச துணியைப் பக்கத்துல வெச்சு யாராவது காட்டி நான் பார்த்ததில்ல. அந்த மூணாவது துணிதான் முழு வியாபாரத்துக்கும் எமன்.

அதனால அந்த மூணாவது துணியை நானே பண்ணிப் பார்த்தேன். பந்து எதிர் ஃப்ளாட் அக்கா கிட்ட இரவல் (அவங்க கதை கீழ வருது). பழைய வேட்டி ஒண்ணைக் கிழிச்சு மூணு துண்டு. ஒவ்வொண்ணுலயும் தேங்காய் எண்ணெய், ஃபில்டர் காபி, தொட்டி மண்ணு. சாம்பாரை வேணும்னே விட்டுட்டேன். மஞ்சள் கறை வெயில் பட்டாலே வெளுத்துடும், அதை வெச்சு எந்தப் பந்துக்கும் சர்டிஃபிகேட் கொடுத்துடலாம். துண்டு அடையாளம் தெரிய மூலையில சலவைக்காரர் குறி மாதிரி நூல் முடிச்சு. ரெண்டு தடவை மெஷினைச் சும்மா ஓட்டி உள்ள ஒட்டியிருந்த பழைய சோப்பைக் கழுவிட்டு, ஒரே புரோகிராம்ல ஒண்ணு பந்தோட, ஒண்ணு வெறும் தண்ணியில, ஒண்ணு வழக்கமான தூள்ல.

ரிசல்ட்? மண்ணு மூணுலயும் போயிருந்தது. காபி, பந்துத் துண்டுலயும் வெறும் தண்ணித் துண்டுலயும் ஒரே மாதிரி மங்கியிருந்தது. எண்ணெய் ரெண்டுலயும் அப்படியே திட்டா நின்னுச்சு. தூள் போட்டதுல மட்டும்தான் போச்சு. முடிச்சை மறைச்சு, எது பந்துன்னு தங்கமணி கிட்டயும் பையன் கிட்டயும் கேட்டேன். தங்கமணி ஒண்ணைக் காட்டினாங்க, பையன் இன்னொண்ணைக் காட்டினான். வேட்டியைக் கிழிச்சதுக்கு வாங்கின திட்டு தனி :-)

இதுல அதிசயம் எதுவும் இல்ல. 1959-லயே ஜெர்மனியில ஹெர்பர்ட் சின்னர்னு ஒருத்தர், சுத்தம் பண்றதுக்கு நாலு விஷயம் வேணும்னு வட்டம் போட்டுக் காட்டிட்டார்: ரசாயனம், அடி (அதாவது தேய்ப்பு, புரட்டல்), சூடு, நேரம். ஒண்ணைக் குறைச்சா மத்ததைக் கூட்டணும். பந்துக்காரங்க ரசாயனத்தை எடுத்துட்டு மீதி மூணையும் மெஷின் தலையில கட்டிட்டாங்க. வியர்வை உப்பு, தூசி, சர்க்கரை எல்லாம் தண்ணிக்கே கரையற சமாச்சாரம். ஆபீஸ் போயிட்டு வந்த சட்டையில பாதி இதுதான், அதனால "பரவாயில்லையே, சுத்தமாத்தானே இருக்கு"ன்னு தோணும். காலர்ல படியற உடம்பு எண்ணெய் மட்டும் வாரா வாரம் சேரும். சோப்போட மூலக்கூறுல ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், மறு பக்கம் தண்ணியைப் பிடிக்கும், அப்படித்தான் அது எண்ணெயை இழுத்துட்டு வருது. செராமிக் மணிக்கு அந்த வேலை தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு பாலியெஸ்டர் டீ ஷர்ட் அக்குள்ல ஒரு வாடை வரும் பாருங்க...

முதல் வாஷ்ல நுரை வந்ததேங்கறீங்களா? அது துணியில மிச்சமிருந்த பழைய சோப்பு. அதைக் காட்டித்தான் "பாருங்க, அழுக்கு எப்படி வெளிய வருது"ன்னு சொல்றாங்க. தண்ணியோட காரத்தன்மையைக் கூட்டும்னு இன்னொரு பாட்டு. கூட்டினாக்கூட, அதே வேலையை மளிகைக் கடை வாஷிங் சோடா இன்னும் நல்லாவே செய்யும். சோப்பே ஆகாதுன்னா நம்ம பூந்திக்கொட்டை இருக்கு. அதுல சப்போனின்னு நிஜமாவே நுரைக்கிற சரக்கு உண்டு. பாட்டி பட்டுப்புடவைக்குப் போட்டது அதைத்தான்.

இது புது ஏமாத்தும் இல்ல. 1990களின் கடைசியில அமெரிக்காவுல நீலத் தண்ணி அடைச்ச பிளாஸ்டிக் பந்தை, உள்ள இருக்கறது விசேஷமா வடிவமைச்ச தண்ணின்னு சொல்லி வித்தாங்க. அங்க ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. இந்த மாதிரி சாமான்கள், சோப்பில்லாத சுடுதண்ணியில துவைக்கிறதை விடப் பெருசா எதுவும் செய்யலைன்னு மக்களுக்கும் சொன்னாங்க. அதுக்கப்புறம் பந்து கலர் மாறி, பேர் மாறி, நம்ம ஊர் கண்காட்சி வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு.

"போகட்டும் சார், ஆயிரம் ரூபா சமாச்சாரம், நம்பறவங்க நம்பிட்டுப் போறாங்க"ன்னு ஒரு நண்பர் சொன்னார். எனக்கு வயிறு எரியறது இங்கதான். எதிர் ஃப்ளாட் அக்கா சீட்டு எடுத்த பணத்துல 22,000 ரூபா கட்டி 20 பந்து வாங்கினாங்க, "டிஸ்ட்ரிபியூட்டர்" ஆகறதுக்கு. வித்தது நாலு. தங்கச்சிக்கு ஒண்ணு, நாத்தனாருக்கு ஒண்ணு, தையல் கிளாஸ்ல ரெண்டு பேருக்கு. அந்த ரெண்டு பேரும் இப்ப பேசறதில்ல. நாத்தனார் பேசறாங்க, அது இன்னும் கஷ்டம். மீட்டிங்ல போய்க் கேட்டதுக்கு, "உங்களுக்கு டெமோ பண்ணத் தெரியல மேடம், பாஸிட்டிவா இருங்க"ன்னு பதில். பந்து துவைக்காததும் அவங்க தப்பாம், விக்காததும் அவங்க தப்பாம். கைக்குழந்தை இருக்கற வீடாப் பார்த்துப் பேசுங்க, சோப்பில்லாததால குழந்தைத் துணிக்கு ரொம்ப நல்லதுன்னு சொல்லுங்கன்னு வேற பாடம் எடுத்திருக்காங்க. மலம் பட்ட நாப்கினை வெறும் தண்ணியில அலசி குழந்தைக்குக் கட்டறது எந்த ஊர் நல்லது?

ஆளை சேர்த்தா காசுன்னு ஓடற பிரமிட் வியாபாரத்தை 2021-ல வந்த நேரடி விற்பனை விதிகள் தடை பண்ணியிருக்கு. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அக்காவைப் பேச வெச்சிருக்கேன். நாத்தனாருக்குத் தெரியக் கூடாதுங்கறதுதான் அவங்களோட முதல் கண்டிஷன்.

அடுத்தது காந்தம். இதுல ஒரு நிஜப் பிரச்சினை இருக்கறதாலதான் ஜனங்க விழறாங்க. போர் தண்ணி உப்பு, துணி விறைச்சுப் போகுது, ஹீட்டர்ல வெள்ளையாப் படியுது. குழாய் மேல கிளிப் மாதிரி காந்தத்தை மாட்டினா சரியாயிடும்கறாங்க. கடினத்தன்மைன்னா தண்ணியில கரைஞ்சிருக்கற கால்சியமும் மக்னீசியமும். காந்தம் அதை எங்க எடுத்து வெச்சுக்கும்? குழாயில உள்ள வந்தது அப்படியே வெளிய வருது, சோப்பும் அதே அளவு வீணாகுது. ரெசின் போட்ட சாஃப்ட்னர் வேற ஜாதி. அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும், அப்பப்ப உப்புத் தண்ணி ஊத்திப் புதுப்பிக்கணும். அது வேலை செய்யும். ஆனா டிடிஎஸ் மீட்டரை வெச்சு எதையும் நம்பாதீங்க. நல்ல சாஃப்ட்னருக்குக் கூட டிடிஎஸ் பெருசா இறங்காது, அது கடினத்தன்மையை அளக்கற கருவியே இல்ல. மீன் தொட்டிக் கடையில சொட்டு விட்டுப் பார்க்கற ஹார்ட்னஸ் கிட் கிடைக்கும். காந்தத்துக்கு முன்னாடி ஒரு டம்ளர், பின்னாடி ஒரு டம்ளர், முடிஞ்சது கதை.

ட்ரையர் உருண்டை பத்திச் சொல்ல அதிகம் இல்ல. நம்ம ஊர்ல முக்காவாசி பேருக்கு ட்ரையர்னா செமி ஆட்டோமேட்டிக்ல தண்ணி பிழியற அந்த ரெண்டாவது தொட்டிதான். சூடா உலர்த்தற மெஷினுக்குச் செஞ்ச கம்பளி உருண்டையை, மொட்டை மாடியில கொடி கட்டி உலர்த்தற ஆளுக்கு விக்கிறாங்க. அந்த மெஷின் இருக்கறவங்க வீட்டுல, பஞ்சு அடைச்ச ஜாக்கெட்டு, தலையணை கட்டி தட்டாம இருக்க உருண்டை உதவும். அதையே ரெண்டு டென்னிஸ் பந்தும் செய்யும். சீக்கிரம் காயணும்னா ஸ்பின் வேகத்தைக் கூட்டுங்க.

எல்லாமே டுபாக்கூர்னு சொல்லல. ஜிப் வெச்ச வலைப்பை நல்ல சாமான், துணி முறுக்கிக்காது. லின்ட் ஃபில்டர் அதோட வேலையைச் செய்யுது. தூளைக் குறைக்கணும்கற ஆசை கூட நியாயம்தான், நம்மில் பல பேர் தேவைக்கு மேலதான் கொட்டறோம். குறைச்சுப் போட்டு, காலரை ஒரு தேய்ப்பு தேய்ச்சு, அரை மணி ஊற வையுங்க. செலவு பூஜ்யம். அதனாலதான் இதுக்கு யாரும் ஸ்டால் போடறதில்ல.

போன மாசம் ஒரு கண்காட்சியில டெமோ காட்டிக்கிட்டிருந்தவர் கிட்ட மரியாதையாவே கேட்டேன். "சார், பந்தை மட்டும் வெளிய எடுத்துட்டு அதே மாதிரி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்களேன்." "பின்னாடி கூட்டம் நிக்குது, கொஞ்சம் நகருங்க சார்"ன்னார். திரும்பிப் பார்த்தேன். தங்கமணி மட்டும் நின்னுக்கிட்டிருந்தாங்க, கையில டெல்லி அப்பளத்தோட.