"நான் சாப்பிட வரல தம்பி, வீணை கேக்க வந்தேன்"

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தா கீழே திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

போன நவராத்திரியில் ஒரு நாள் சாயங்காலம் வீணைக் கச்சேரி. வாசலில் நின்ற எங்கள் தொண்டூழியர் ஒருவர், வெள்ளைக் கம்போடு வந்த ஓர் அண்ணனின் கையைப் பிடித்து நேராக அன்னதான வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நல்ல மனசோடதான். "இங்கயே இருங்கண்ணே, தட்டு கொண்டு வந்து தர்றேன்"னு சொன்னார். அந்த அண்ணன் சிரிச்சிக்கிட்டே சொன்ன பதில்தான் மேலே தலைப்பா இருக்கு.

அன்னைக்கு ராத்திரி அண்டா கழுவும்போது நாங்க வேற எதையும் பேசல. கம்போட ஒருத்தர் கோயிலுக்கு வந்தா அவர் எதையோ வாங்கத்தான் வந்திருப்பார்னு எங்களுக்கு ஏன் தோணுச்சு? அவர் ரசிகரா இருக்கலாம், ராகம் தெரிஞ்சவரா இருக்கலாம், எங்களைவிட நல்லாவே தெரிஞ்சவரா இருக்கலாம். அது ஏன் யாருக்கும் தோணல?

இது வேற ஊர்ல நடந்திருந்தாகூட மன்னிச்சிடலாம். நடந்தது பிரிக்பீல்ட்ஸ்ல. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-ல் தொடங்கியது. அதன் தலைமையகம் நம்ம தெருவுக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஜாலான் தம்பிப்பிள்ளை பக்கம் போனா பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள். கோலாலம்பூர்ல பார்வையற்றவர்கள் அதிகமா வாழ்ந்து, வேலை செஞ்சு, நடமாடுற இடம் எதுன்னு யாரைக் கேட்டாலும் நம்ம இடத்தைத்தான் காட்டுவாங்க. அவங்க நமக்கு விருந்தாளி இல்ல, அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க. பல பேருக்கு நம்மளைவிட இந்தத் தெரு பழக்கம்.

ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில் இருக்கே மஞ்சள் மேடுபள்ளக் கற்கள், அது அழகுக்குப் போட்டதில்லை. காலாலும் கம்பாலும் தடவி வழி கண்டுபிடிக்கப் போட்டது. தீபாவளி சந்தை வந்தா அதுமேல கடை. மத்த நாள்ல மோட்டார் சைக்கிள். திருவிழா வந்தா, உண்மையைச் சொல்லணும்னா, நம்ம பந்தல் கம்பமும் செருப்புக் குவியலும். டிபிகேஎல்லைக் குறை சொல்றதுக்கு முன்னாடி நம்ம செருப்பை எடுப்போம்.

அடுத்தது அழைப்பிதழ். "பக்தகோடிகள் அனைவரும் வருக, அருள் பெறுக"ன்னு எல்லா நோட்டீஸ்லயும் இருக்கும். அந்த நோட்டீஸை ஒரே படமாக்கி வாட்சப்ல போடுறோம். பார்வையற்றவரின் கைப்பேசி எழுத்தை வாசிச்சுக் காட்டும், ஆனா இந்த மாதிரிப் படத்தை ஒழுங்கா வாசிக்காது. பல நேரம் "இமேஜ்"னு சொல்லிட்டு நின்னுடும். அம்பாளும் பூவும் தங்க நிற எழுத்துமா நாம போட்ட அழகான நோட்டீஸ் அவருக்கு ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருஷமா "அவங்க யாரும் வர்றதில்லையே, யாருக்காகச் செய்றது?"ன்னு கூட்டத்துல கேட்டுக்கிட்டிருந்தோம். கூப்பிட்டாத்தானே வருவாங்க! படத்துக்குக் கீழே நாள், நேரம், இடம், நிகழ்ச்சி என்னன்னு நாலு வரி தட்டச்சு செஞ்சா போதும். காசு செலவில்லை.

இப்போ கிள்ளான் கதை. அங்கே ஒரு மண்டபத்தில் நம்ம பிள்ளைகள் நாட்டியம் ஆடினாங்க. ஆடிய ஒரு பிள்ளையின் அம்மா வீல்சேரில் வருபவர். மேடையில் குருவுக்கு மரியாதை செய்யப் பெற்றோரை அழைத்தார்கள். மேடைக்கு ஏழு படி. நாங்க நாலு பேர் நாற்காலியோட அந்த அக்காவைத் தூக்கினோம். கைதட்டல் பறந்தது. எங்களுக்கும் பெருமையா இருந்துச்சு. அப்புறம்தான் அவங்க மகள் சொன்னா: அம்மா காலையிலிருந்து தண்ணி குடிக்கல. ஏன்னா கழிவறை வாசல்ல படி இருக்கு, கதவும் குறுகல். தூக்குறப்போ சேலை விலகிடுமோன்னு பயத்துலயே இருந்தாங்களாம். அந்தக் கைதட்டல் யாருக்கு? எங்களுக்குத்தான். அவங்க தானா ஏறி வந்திருந்தா ஒருத்தரும் தட்டியிருக்க மாட்டாங்க, அவங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த மண்டபத்தில் சாய்தளம் இருக்கத்தான் செய்யுது. ஆனா அது ஸ்பீக்கர் பெட்டி தள்ளக் கட்டியது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சரிவு இருக்கணும்னு கட்டட வேலை தெரிஞ்சவங்க சொல்வாங்க. இதுல நாலடிகூட இல்ல. பெட்டிக்கு யோசிச்சிருக்கோம், மனுஷருக்கு யோசிக்கல.

"ஆகமத்துல இடமில்லை"ன்னு சில பெரியவங்க சொல்வாங்க. அவங்க மேல மரியாதை உண்டு. ஆனா பழனி மலையில் 1966-லிருந்து இழுவை ரயில் ஓடுது, 2004-ல் ரோப்காரும் வந்தது. முருகன் கோவிச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரா? கருவறையை யாரும் மாத்தச் சொல்லல. நாங்க கேக்கிறது மண்டபம், கழிவறை, மேடை, வாகன நிறுத்துமிடம். வீல்சேர் சக்கரம் தெருவுல உருண்டு வருது, தீட்டுன்னு சொன்னா, ஈரத்துணியால துடைச்சிட்டு விடுங்க. இல்லேன்னா கோயிலுக்குள்ளேயே ரெண்டு நாற்காலி வச்சிருங்க. விஐபி வந்தா சோபாவே தூக்கிட்டு வர்றோமே!

பணம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. வாணவேடிக்கைக்கு உபயம் கிடைக்குது, எல்இடி திரைக்குக் கிடைக்குது. சாய்தளத்துக்கு உபயம்னு ஒரு ரசீது நாம அடிச்சுப் பார்த்ததே இல்லை.

நம்ம சமயத்துல இதுக்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். அறுபத்துமூவரில் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் குளம் தூர்ந்து கிடந்தப்போ அவர் என்ன செஞ்சார்? ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு, கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கிட்டே மண்ணை வெட்டிச் சுமந்தார். பார்த்தவங்க கேலி செஞ்சாங்க. முடிவில் அவருக்குக் கண் கிடைச்சதை மட்டும் உபன்யாசத்துல விரிச்சுச் சொல்றோம். எங்களுக்குப் பிடிச்சது நடுப்பகுதி. கம்பமும் கயிறும் இருந்தா அவர் யாருக்கும் குறைஞ்சவர் இல்ல. அதுவும் அவர் அன்னதான வரிசையில் நிக்கல, தொண்டு செஞ்சார். இன்னைக்கு நம்ம தொண்டூழியர் பட்டியலில் தண்டியடிகள் பெயர் கொடுக்க வந்தா எந்த வேலை கொடுத்திருப்போம்னு யோசிங்க.

இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. தில்லைக் கலம்பகம் பாடியவங்க அவங்கதான். கும்பகோணம் சரப சாஸ்திரி பார்வையில்லாதவர், புல்லாங்குழலைக் கச்சேரி மேடையில் உட்கார வச்சவர். இவங்க கொடுத்த கலையை வச்சுத்தான் விழா நடத்துறோம்.

சட்டமும் இருக்கு. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், 31-ஆம் பிரிவு: கலை, பண்பாட்டு வாழ்க்கையில் மத்தவங்களுக்குச் சமமாக அவங்களுக்கும் உரிமை. ஆனா மீறினா தண்டனைன்னு அதுல எதுவும் கிடையாது. அதனாலதான் யாரும் பயப்படல.

வெளிநாட்டுக் கலை அரங்குகளில் என்ன செய்றாங்கன்னு தேடிப் பார்த்தோம். ஆட்டம் தொடங்கும் முன் பார்வையற்ற ரசிகர்கள் உடையையும் அரங்கப் பொருளையும் தொட்டுப் பார்க்கலாம். ஆடும்போது மேடையில் நடப்பதை ஒருவர் காதுக்கருவி வழியா மெதுவாச் சொல்லிக்கிட்டே இருப்பார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாள் சத்தத்தையும் விளக்கையும் குறைச்சு, எழுந்து நடந்தாலும் யாரும் முறைக்காத காட்சி. இதெல்லாம் நம்மால முடியாததா? சலங்கையையும் வீணையையும் தொட்டுப் பார்க்க விட அரை மணி நேரம். முத்திரையின் பொருளைச் சொல்ல நாட்டிய வகுப்பின் மூத்த பிள்ளை ஒன்று. காது கேளாதவங்களுக்கு மேடை ஓரத்தில் ஒரு சைகைமொழி பெயர்ப்பாளர்.

நம்ம பிரிக்பீல்ட்ஸ்லயே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் அன்னலட்சுமி உணவகத்தில் வேண்டியதைச் சாப்பிட்டு மனசுக்குப் பட்டதைக் கொடுக்கலாம்னு ஒரு வழக்கம் உண்டு. பணம் இல்லாதவனும் கூச்சப்படாம உள்ளே வரலாம். கலையும் சேவையும் சேர்ந்த ஓர் அமைப்பு பணம் என்ற படியை எடுத்தது. சிமெண்ட் படியை நாம எடுக்கலாமே.

ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுத்து, பேனர் பிடிச்சுப் படம் எடுக்கிறதை இந்த வருஷம் நிறுத்துவோம். அரிசி கொடுங்க, படம் வேண்டாம். அந்தப் பேனர் காசுக்கு விழாக் குழுவில் அவங்களுக்கு ரெண்டு நாற்காலி போடுங்க, கூட்டத்துல பேச விடுங்க.

நிர்வாகத்திடம் கேட்டாச்சு. "பார்க்கலாம்"னு சொல்லியிருக்காங்க. பார்க்கலாம்னா என்னன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அதனால நாங்களே ஆரம்பிக்கிறோம். வர்ற சனிக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் மண்டபத்தை அளக்கப் போறோம்: படி உயரம், கதவு அகலம், கழிவறை. வீணை கேக்க வந்த அண்ணன் வர்றார். கிள்ளான் அக்காவையும் மகள் கூட்டி வர்றாளாம். அளவு டேப் இருக்கிறவங்க கொண்டு வாங்க, கான்ட்ராக்டர் அன்பர்கள் யாராவது இருந்தா கட்டாயம் வாங்க. பக்கவாசல்ல படி கிடையாது, அக்கா அந்த வழியாத்தான் வரணும். அங்கே மட்டும் தயவுசெஞ்சு யாரும் காரை நிறுத்தாதீங்க.