லோடு வண்டிக்கு வாசலிலேயே ஆயில் மாற்றலாம்... கோலம் போடும் இடம் கறுக்காமல்!

ஞாயிற்றுக்கிழமை காலை. மார்க்கெட் லோடு கிடையாது. வாடகைக்கு பிக்கப் ஓட்டும் பல வீடுகளில் அன்றுதான் வண்டிக்கு ஆயில் மாற்றும் நாள். பட்டறைக்குப் போனால் ஆயில், ஃபில்டர் விலையோடு கூலியும் சேரும். அதைவிட, வரிசையில் காத்திருந்தே அரை நாள் போய்விடும். வீட்டில் செய்தால் ஒரு மணி நேர வேலை.

பிரச்னை அதற்குப் பிறகுதான். வாசலில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை. சிமென்ட் தரையில் ஊறிய டீசல் எஞ்சின் ஆயில் எத்தனை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது. தினமும் அங்கே கோலம் போடுகிறவரிடம் கேட்டால் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். வாரன்டி முடியாத வண்டி என்றால் இந்த வேலையே வேண்டாம். நாளைக்கு எஞ்சினில் ஏதாவது என்றால் சர்வீஸ் பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். வாரன்டி முடிந்த வண்டிக்கு, எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பதை மேனுவலைப் பார்த்து வாங்குவது நல்லது. பக்கத்து வண்டிக்காரர் ஊற்றுகிற அளவு நம் வண்டிக்குப் பொருந்தாது.

சிந்தாமல் இருக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று போதும். அதை விரித்து, மேலே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட வேண்டும். சொட்டுகளை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதையும் தாண்டினால் ஃபிளெக்ஸ் தடுக்கும். வெறும் ஃபிளெக்ஸ் மட்டும் போட்டால் ஆயில் வழுக்கி ஓரத்துக்கு ஓடிவிடும். பக்கத்தில் ஒரு பை மரத்தூள், கொஞ்சம் பனியன் வேஸ்ட், கையுறை. பழைய எஞ்சின் ஆயில் தோலில் அடிக்கடி படுவது நல்லதல்ல. அடுக்களைக்குப் போகிற கையில் அது ஒட்டவே கூடாது.

வண்டியை ஐந்து, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். ஆனால், ஓடி வந்த சூட்டோடு போல்ட்டில் கை வைத்தால் கொப்புளம்தான். கால் மணி நேரம் ஆற விடலாம். சமதளம், ஹேண்ட் பிரேக், முதல் கியர், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. பிக்கப் உயரமான வண்டி. பெரும்பாலும் தூக்காமலே அடியில் படுத்து வேலை பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இதில் சலுகையே கிடையாது.

இனி போல்ட். டிரெயின் போல்ட்டைக் கழற்ற ரிங் ஸ்பேனர்தான் சரி. வாய் திறந்த ஸ்பேனர் வழுக்கி முனைகளை மழுக்கிவிடும். ஸ்பேனரால் தளர்த்திய பிறகு, போல்ட்டை விரலால் உள்நோக்கி அழுத்தியபடியே சுற்ற வேண்டும். மரை முடிந்தது தெரிந்ததும் சட்டென்று கையோடு இழுத்துவிட்டால் முழங்கை வரை ஆயில் வழியாது. போல்ட் பக்கவாட்டில் இருக்கும் வண்டிகளில் ஆயில் முதலில் ஓர் அடி தள்ளிப் பீய்ச்சும், அளவு குறையக் குறைய நேர் கீழே இறங்கும். அதனால் அகலமான பேசினை முதலில் தள்ளி வைத்து, பிறகு உள்ளே நகர்த்த வேண்டும். மேலே ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் காற்று போய், குபுக் குபுக்கென்று தெறிக்காமல் சீராக விழும். காற்றடிக்கிற நாளில், நூல் மாதிரி இறங்கும் கடைசி ஒழுக்கு பேசினைத் தாண்டிப் பறக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஃபில்டருக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். கொஞ்சம் தளர்த்தியதும் கவரை மாட்டி, அதற்குள்ளேயே சுற்றிக் கழற்றினால் வழிகிற ஆயிலும் ஃபில்டரும் பைக்குள் போய்விடும். கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பார்ப்பது முக்கியம். அது எஞ்சினிலேயே ஒட்டியிருந்து, அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால், எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தில் ஆயில் மொத்தமும் வெளியே கொட்டிவிடும். வாசல் மட்டுமல்ல, கடன் போட்டு வாங்கிய எஞ்சினும் அன்றோடு போகலாம். புதிய வளையத்தில் துளி புது ஆயில் தடவி, கையால் இறுக்கினால் போதும்; எவ்வளவு சுற்று என்று ஃபில்டர் பெட்டியிலேயே போட்டிருக்கும்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதல் சில மரைகளை விரலால்தான் ஏற்ற வேண்டும். 'இறுக்கினால்தான் நல்லது' என்று பலம் காட்டினால் மரை போய்விடும்.

புது ஆயிலை மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் குறைத்து ஊற்றி, டிப் ஸ்டிக் பார்த்து நிரப்பலாம். அளவுக்கு மேல் போனாலும் எஞ்சினுக்குக் கேடுதான். பிறகு கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அடியில் யாரும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே ஆஃப். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளவு பார்த்தால் சற்றுக் குறைந்திருக்கும். அது ஃபில்டருக்குள் போன ஆயில். டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். 'டூப்ளிகேட் ஊத்திட்டான்' என்று அதை மட்டும் வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

மிஞ்சுவது பேசினில் இருக்கும் கறுப்பு ஆயில். கறையான் வராது என்று வேலிக்கம்பில் பூசுவது, புழுதி அடங்கத் தெருவில் ஊற்றுவது, சாக்கடையில் விடுவது எல்லாம் பழகிப்போன வழக்கங்கள். அது மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகும். 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிற பொருள் அது. புது ஆயில் வந்த கேனிலேயே புனல் வைத்து நிரப்பி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். சில இடங்களில் காசும் கொடுப்பார்கள். ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் அதிலிருந்தும் கொஞ்சம் வடியும்.

அன்று ராத்திரி ஒரு காய்ந்த அட்டையை எஞ்சினுக்குக் கீழே போட்டுவிட்டுப் படுக்கலாம். காலையில் வாசல் தெளிப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும். சொட்டு இருந்தால் அது போல்ட்டிலிருந்தா, ஃபில்டரிலிருந்தா என்று இடத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். காய்ந்தபடியே இருந்தால் லோடு ஏற்றக் கிளம்பலாம்.