சூசையப்பர் தனியாகப் போகவில்லை

"தகப்பன் என்பவன் கஷ்ட காலத்தில் குடும்பத்தோடு இருக்க வேண்டும்." மார்ச் 19, சூசையப்பர் திருநாள் வந்தால் தருமபுரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் நாம் கேட்கும் பிரசங்கம் இது. போப் பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைச் சூசையப்பர் ஆண்டாகவே அறிவித்தார். பிரசங்கத்தோடு நமக்குச் சண்டை இல்லை. அதைக் கேட்க வேண்டிய அப்பாக்கள் பலர் ஊரில் இல்லை என்பதுதான் நம் கவலை.

அவர்கள் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். இங்கே மழையை நம்பிய மண். அதிலும் நம் மக்களுக்குச் சொந்தமானது கொஞ்சம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், பெண்ணுக்குப் பிரசவம், கடன்காரன் வாசலில் வந்து நிற்பது என எல்லாவற்றையும் அம்மாக்கள்தான் தாங்குகிறார்கள். அப்பா போனில் இருக்கிறார்.

சூசையப்பரும் உழைப்பாளிதான், தச்சர். குழந்தையைக் கொல்ல ஏரோது தேடியபோது இரவோடு இரவாக எகிப்துக்குப் போனார். ஆனால் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். நம் அப்பாக்களால் அது முடியவில்லை. தகரக் கொட்டகையில் வைத்துப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? இது பாசக் குறைவு அல்ல, வழியில்லாமை.

இந்த வழியில்லாமைக்குச் சட்டமும் ஒரு காரணம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். மத்திய அரசு வேலையில் எஸ்.சி. ஒதுக்கீடு இல்லை, தனித் தொகுதியில் நிற்க முடியாது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஊரில் சேரிக்காரர், சர்டிபிகேட்டில் பிற்படுத்தப்பட்டவர்: இதுதான் நம் நிலை.

திருச்சபைக்கும் பொறுப்பு உண்டு. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டது. அப்படியானால் மறைமாவட்டப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் எத்தனை தலித் கிறித்தவ அப்பாக்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது? அந்தக் கணக்கை வெளியிடுங்கள். பெங்களூருவில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிகளில் இடம் வாங்கிக் கொடுங்கள். குடும்பம் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் சேர்ந்திருக்க வழி செய்ய வேண்டும்.

அப்பாக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் மாறும்வரை காத்திராமல் செய்யக்கூடியது அது. மரியாள் கருவுற்றிருப்பது தெரிந்தபோது, ஊர் ஏசும் என்று தெரிந்தும், சூசையப்பர் அவரை ஏற்றுக்கொண்டார். இந்த மாவட்டத்தில் அதன் பொருள் நமக்கு நன்றாகத் தெரியும். 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தை அடுத்துப் பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்றே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். ஒரு தகப்பனுக்குப் பிள்ளையைவிட ஊர்ப் பேச்சு பெரிதாகும்படி செய்வதுதான் சாதி.

நம் வீட்டிலும் அந்த நாள் வரலாம். மகனோ மகளோ விரும்பியவரோடு வந்து நிற்கலாம். அடுத்த சாதியாக இருக்கலாம், அடுத்த மதமாக இருக்கலாம், நமக்குள்ளேயே நாம் கீழே வைத்திருக்கும் சாதியாகவும் இருக்கலாம். அன்று பெங்களூருவிலிருந்து முதல் பஸ் பிடித்து வாருங்கள். காவல் நிலையத்துக்குப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். சங்கத்துத் தோழர்கள் நாங்கள் உங்களோடு வருகிறோம்.